வாடகை அங்கி

மதியச் சமையலுக்குச் சப்பாத்திக்கள்ளி மடல்களைப் பலகையில் கிடத்தி முள் சீவிக்கொண்டிருந்தாள் எதெல்வினா. ஞாயிற்றுக்கிழமை. தேவாலயப் பூசைக்குப் போட்ட உடுப்பைக்கூட இன்னும் மாற்றவில்லை. மேசைக்கு எதிர்ப்பக்கம் அவள் கணவர் ருதிலியோ கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் கைபேசியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"கிழவி, ஒரு லைக் போடு."

முள் குத்தாத சுண்டுவிரலால் போட்டாள். என்ன எழுதியிருக்கிறார் என்று பார்க்கவில்லை. ஊர்க்காரர்களின் 'புவேப்லா வீடு கட்டுவோர்' என்ற இணையக் குழுவில் அவளை அவர் சேர்த்துவிட்டதே இந்த ஊழியத்துக்குத்தான்.

ருதிலியோவை ஊரே இன்ஜினியர் என்றுதான் கூப்பிடும். தேய்த்த சட்டையும் கக்கத்தில் சுருட்டிய வரைபடமும் இருந்தால் போதும், அங்கே யாரும் அதற்கு மேல் விசாரிப்பதில்லை. சித்தப்பா ஒருவர் தயவில் நகராட்சியில் நுழைந்து, சாக்கடை மூடிகளை மேற்பார்த்தே ஓய்வு பெற்றவர். கல்லூரிப் பாடமெல்லாம் முடித்தார். ஆய்வேடு மட்டும் கொடுக்கவில்லை. அது கொடுத்தால்தான் பட்டம், பட்டம் வந்தால்தான் அரசாங்கப் பதிவு எண். கல்யாணமான புதிதில் முதல் அத்தியாயத்தை எதெல்வினாதான் தட்டச்சு செய்தாள். இரண்டாவது 'அடுத்த வருஷம்' என்ற திண்டில் சாய்ந்து உட்கார்ந்தது. எழுந்து வரவே இல்லை.

ஓய்வுக்குப் பிறகு மரியாதை தேடிக் குழுவுக்குள் புகுந்தார். யார் வாயைத் திறந்தாலும் "பதிவு எண் என்ன?" என்பார். கொத்தனாரைக் கேட்டார், ஓடு விற்பவனைக் கேட்டார். தன் வீட்டுச் சுவரைப் பற்றிச் சந்தேகம் கேட்க வந்தவனையே ஒருமுறை கேட்டார். நூறு பேர் கைதட்டினார்கள். அந்தக் குழுவில் இருப்பவர்களும் அப்படித்தான்: வீடு இடிந்தாலும் பரவாயில்லை, இடிந்த விதம் பட்டதாரி சொன்னபடி இருக்கவேண்டும்.

வெள்ளிக்கிழமை எவுசெபியோ என்றொருவன் படம் போட்டான். அம்மா படுக்கும் அறை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல். 'மேற்பூச்சு விரிசல்தான், பூசிவிடுங்கள்' என்று ருதிலியோ தீர்ப்பு எழுதினார். அடியில் யாரெலி எழுதினாள்: 'பூசாதீங்க. அஸ்திவாரம் இறங்குற மாதிரி தெரியுது. மண்ணைப் பரிசோதிச்சுப் பாருங்க.'

'பாப்பா, இது படித்தவர்கள் பேசுமிடம். பதிவு எண் போடு' என்றார் ருதிலியோ.

யாரெலி அவருக்கு அந்நியமல்ல. எதெல்வினாவின் சிநேகிதி சாயோவின் மகள். அவள் இன்ஜினியரிங் முடித்தபோது நடந்த பட்டமளிப்புப் பூசையில் ஞானப்பெற்றோராக நின்றதே இவர்கள் இருவரும்தான். பட்டதாரி மோதிரத்தை அவள் விரலில் மாட்டி, அவளோடு வால்ட்ஸ் ஆடி, காலையும் மிதித்தவர் இந்த மனிதர். அவளுக்குப் பட்டம் இருக்கிறதா என்று கேட்க உலகத்தில் இவர் ஒருவருக்குத்தான் வாயில்லை.

அவள் எண்ணைப் போட்டாள். கூடவே, 'ஞானத்தகப்பனாரே, உங்க எண்ணையும் போடுங்க, எல்லாரும் பாக்கட்டும்' என்று எழுதினாள். பாவம், இருக்கிறதென்று நம்பித்தான் எழுதினாள்.

அவர் போட்டது கறுப்பு அங்கியும் தொப்பியுமாக எடுத்த பழைய போட்டோ. பாடம் முடித்தவனெல்லாம் அப்படி ஒன்று எடுத்து வரவேற்பறையில் மாட்டுவதுதான் வழக்கம், அங்கி ஸ்டூடியோக்காரனுடையது. 'அந்த அங்கியைப் போட்டு எங்க நாயைக்கூட எடுத்திருக்கோம், இன்ஜினியரே!' என்றான் ஒருவன். பிறகு சிரிப்புப் படங்கள் மழையாகக் கொட்டின.

"கிழவி, இப்ப நீ எழுதணும்."

"என்னத்தை?"

"என் பட்டத்தைக் கண்ணால பாத்தேன், வெள்ளத்துல போயிடுச்சுன்னு."

"எந்த வெள்ளம்? நாம மேட்டுல இருக்கோம். இங்க வெள்ளம் வந்தா பைபிள்ல வர்ற மாதிரி பேழைதான் கட்டணும்."

"குழுவுல யாருக்குத் தெரியும்?"

"இங்க வெள்ளமே வந்ததில்லைன்னு சாயோவுக்குத் தெரியும். யாரெலிக்குத் தெரியும். நாளைக்கு அவங்க மூஞ்சில எப்படிய்யா முழிப்பேன்?"

"இத்தனை வருஷமா இன்ஜினியரம்மான்னு கறிக்கடைக்காரன் நல்ல துண்டா எடுத்து வச்சப்போ இனிச்சுதா? அப்ப யாராவது சாட்சி கேட்டாங்களா?"

அது சுருக்கென்று தைத்தது. உண்மைதானே; இனிக்கத்தான் செய்தது. அந்தத் துண்டை ஒருநாளும் அவள் வேண்டாமென்று சொன்னதில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு முதல்முறையாக அந்தச் சண்டையை மேலிருந்து கீழ்வரை படித்தாள். பட்டம், எண், அங்கி, நாய், எவன் எந்தக் கல்லூரி, அது கல்லூரியா கோழிப்பண்ணையா. நடுவே எவுசெபியோ மறுபடி மறுபடி எழுதியிருந்தான். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

"என்ன, எழுதுறியா?" என்றார் ருதிலியோ.

"பொய் எழுத மாட்டேன்."

"அப்ப என் மானம்?"

"உன் மானம் கிடக்கட்டும் கிழவா. நீ சாக்கடையில இறங்கி நின்னு பாத்திருக்கே. எந்தச் சுவரு எப்படி இறங்கும்னு உனக்குத் தெரியும். இந்த ஆளு கேக்குறான் பாரு: 'கொத்தனார் வாசல்ல நிக்கிறாரு, பூசச் சொல்லவா வேண்டாமா?' பொண்ணு சொன்னது சரியா, தப்பா? அதை மட்டும் சொல்லு, நான் எழுதுறேன்."

ருதிலியோ கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். படத்தைப் பெரிதாக்கி ஜன்னல் மூலையை வெகுநேரம் பார்த்தார். பெண் சொன்னதுதான் சரி என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. எதெல்வினா விரலைக் கைபேசிமேல் வைத்துக் காத்திருந்தாள்.

அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். மானத்தைக் காப்பாற்றிக்கொண்டவர்போலச் சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு அடுக்களையை விட்டு வெளியே போனார்.