வாசலைப் பாக்கறவ

"இன்னைக்கு யாரு கழண்டுக்கப் போறாங்களோ தெரியலம்மா."

காலையில பல்லு தேய்க்கறப்பவே இந்தப் பாட்டு ஆரம்பிச்சுடும். வாயில நுரை, ஒரு கையில பிரஷ், இன்னொரு கையில போன். சங்கத்தோட வாட்ஸ்அப் குழுவுலேர்ந்து ராத்திரியில யாராவது வெளியேறியிருக்காங்களான்னு பாத்துட்டுத்தான் வாய் கொப்பளிப்பா. அடுப்படியிலேர்ந்து அவ அம்மா கேப்பாங்க, "ஏண்டி, நீ சங்கம் நடத்தறியா, ஆடு மேய்க்கறியா?"

காலேஜுல சைகை மொழிச் சங்கம்னு ஒண்ணு இருக்கு. அதுக்கு இவதான் செயலாளர். மத்தவங்க எல்லாம் நைசா நழுவினதுல இவ தலையில வந்து விழுந்த பதவி. புதன்கிழமை சாயங்காலம் நூலகத்துக்குப் பின்னாடி, கால் உடைஞ்ச நாற்காலிங்க போட்டு வெச்ச அறையில கூடுவாங்க. உள்ள வந்தா வாயைத் திறக்கக் கூடாது, எல்லாம் கையாலதான். கதவைத் தட்டறதும் கிடையாது. விளக்கு ஸ்விட்ச் வெளிப்பக்கம் இருக்கு. வர்றவங்க ஒரு தடவை அணைச்சுப் போடணும், அதுதான் காலிங் பெல்.

இந்தச் சட்டமெல்லாம் கன்னக்குழின்னு ஒருத்திக்காக. பொறந்ததுலேர்ந்தே அவளுக்குக் காது கேக்காது. காலேஜ் பூரா அவகிட்ட எல்லாரும் வாயை ஆன்னு பிளந்து கத்துவாங்க, இல்லேன்னா சிரிச்சுட்டு நகந்துடுவாங்க. அவளோட உக்காந்து ஊர்வம்பு பேச அந்த ஒரு அறைதான். சங்கத்துல நிலைச்சு நிக்கறவங்களுக்கு அவதான் கையால பேரு வைப்பா. தனக்கு, விரலைக் கன்னத்துல வெச்சு ஒரு திருகு. செயலாளருக்கு, ரெண்டு விரலைக் கண்ணுகிட்டேர்ந்து எடுத்து வாசல் பக்கம் நீட்டறது. வாசலைப் பாக்கறவ. அதைவிடப் பொருத்தமா பெத்தவங்ககூட வெச்சிருக்க முடியாது.

பயம்னா அப்படி ஒரு பயம். செமஸ்டர் முடியறப்போ ஆபீஸ்லேர்ந்து தலை எண்ண வருவாங்க, பத்துத் தலை இல்லேன்னா அறையைப் பிடுங்கி, வலையும் மட்டையும் போட்டு வைக்கப் பூப்பந்துக்காரங்களுக்குக் குடுத்துடுவாங்க. அதனால புதுசா சேர்ந்த புள்ளைங்க வர்ற வாரம் கேன்டீன் வாசல்லயே பழி கிடப்பா. பையனுங்க கெட்ட வார்த்தைக்குச் சைகை கேட்டு வருவானுங்க. மூஞ்சிய உம்முன்னு வெச்சுக்கிட்டு, 'மன்னிச்சுக்கோங்க'க்கான சைகையைச் சொல்லிக் குடுத்து அனுப்புவா. அவனுங்க நாள் முழுக்க ஒருத்தன்கிட்ட ஒருத்தன் மன்னிப்புக் கேட்டுத் திரிவானுங்க.

சேக்கறது சுலபம், நிறுத்தி வைக்கறதுதான் கஷ்டம். மொத வாரம் கிளுகிளுன்னு இருக்கும். அடுத்த வாரம் அந்த நிசப்தம் புதுசுங்களை அரிச்சுடும், நோயாளியைப் பாக்க வந்த மாதிரி நெளிவாங்க. அப்புறம் தலைவலி, வயித்துவலி. வயித்துவலின்னு சொன்ன ஒருத்திக்கு ரொட்டியும் வெந்நீரும் எடுத்துக்கிட்டு விடுதிக்கே போயிட்டா. மொட்டைமாடியில துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தவ இவளைப் பாத்ததும் ஈரப் போர்வைக்குப் பின்னாடி ஒளிஞ்சா.

இந்தத் தடவை தலை எண்ண ஆள் வர்ற நேரம் நெருங்கிடுச்சு, பத்துத் தலை தேறல. பயத்துல புத்தி கெட்டு, கொஞ்சம் வாயாலயும் பேசிக்கலாம்னு சொல்லிட்டா. அவ்வளவுதான், அறை நிறைஞ்சுடுச்சு. ஒரே அரட்டை, சிரிப்பு. இவ நிம்மதியா மூச்சு விட்டு, திரும்பத் திரும்பத் தலைய எண்ணினா. சுவரோரமா கன்னக்குழி ஒவ்வொரு வாயா பாத்துக்கிட்டு, எல்லாரும் சிரிச்சு முடிக்கறப்போ தான் சிரிக்க ஆரம்பிச்சதை இவ பாக்கல.

அடுத்த புதன்கிழமை கன்னக்குழி நாற்காலியில யாரோ பையைத் தூக்கி வெச்சிருந்தாங்க. அவ வரல. அனுப்பின மெசேஜுக்கும் பதில் இல்ல.

வீட்டுல வந்து சொன்னப்போ அம்மா காய் நறுக்கறதை நிறுத்தல. "பொறந்தநாள் கொண்டாடறேன்னு ஊரையே கூப்பிட்டுட்டு, பொறந்தநாள் புள்ளையை வெளிய நிக்க வெச்சிருக்க."

மறுநாள் கேன்டீன்ல தேடிப் பிடிச்சா. கன்னக்குழி கோவமே படல. "கூட்டம் நல்லா இருக்கு. எனக்குத்தான் அங்க வேலை இல்ல"ன்னு கையால சொல்லிட்டு, ரெண்டு கையையும் சட்டைப் பைக்குள்ள விட்டுக்கிட்டா. அவ பாஷையில அது மூஞ்சிக்கு நேரா கதவைச் சாத்தறது. இவ கை மன்னிப்புக் கேட்டுக்கிட்டே இருந்துச்சு, பாக்கத்தான் ஆளில்ல. கன்னக்குழி தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

அதுக்கடுத்த புதன்கிழமை செயலாளர் வாசல்ல நின்னு, வந்த ஒவ்வொருத்தருக்கும் உதட்டுல விரலை வெச்சுக் காட்டினா. "அப்போ எதுக்குடி வரணும்?"னு பாதிப் பேரு அப்படியே திரும்பிட்டாங்க. அறையும் போச்சு, அவளும் போயிட்டான்னு காலி நாற்காலிங்களை எண்ணிக்கிட்டு உக்காந்திருந்தா. விளக்கு அணைஞ்சு எரிஞ்சுது. கன்னக்குழி நிலைப்படியில நின்னா, உள்ள வரல. அறையை ஒரு சுத்து பாத்தா. ஒரு வாயும் அசையல. அப்புறம் ஒரு கையை மட்டும் பையிலேர்ந்து எடுத்து, ரெண்டு விரலைக் கண்ணுகிட்டேர்ந்து வாசலுக்கு நீட்டி இவ பேரைச் சொன்னா.

தலை இன்னும் பத்து தேறல, எண்ண ஆள் வர்ற நாளும் தள்ளிப் போகல. வீட்டுல அந்தக் காலேஜுல படிக்கற புள்ளை இருந்தா, ஒரு புதன்கிழமை கூட்டிக்கிட்டுப் போயி செயலாளரைப் பாத்துட்டு வாங்க. பேசத் தெரியாதேன்னு கவலைப்படாதீங்க, அங்க யாரும் பேசறதில்ல. கதவைத் தட்டாதீங்க, ஸ்விட்சை அணைச்சுப் போடுங்க. அணைச்சதும் சட்டுனு போட்டுடுங்க. அந்த இருட்டுல உள்ள ஒருத்தி மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பா.