கீழ்வீட்டுப் பாடகியின் காந்தாரம்

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எங்கள் கீழ்வீட்டுக்கு ஒரு பிலிப்பைன்ஸ் தம்பதி குடிவந்தார்கள். எம்.ஜி. ரோடு பக்கம் ஒரு ஓட்டலில் தினமும் சாயங்காலம் அவர் கிட்டார் வாசிப்பார், அவள் பாடுவாள். முதல் வாரமே மாடிப்படியில் என்னைப் பார்த்து "அத்தே" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அவளைவிட நான் ஏழெட்டு வயதுதான் மூத்தவள். விசாரித்தால், அவர்கள் மொழியில் அப்படியென்றால் அக்காவாம்.

ஒருநாள் காலையில் கையில் போனோடு மேலே வந்தாள். ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குப் பழைய தமிழ் சினிமாப் பாட்டு ஒன்று கேட்டிருந்தார்கள். வரிகளை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்து மனப்பாடம் செய்திருந்தாள். நான் வயலின் சொல்லிக்கொடுப்பவள். உச்சரிப்பைத் திருத்தத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவளோ, "இதை யாரைப் பாத்துப் பாடுறான், அத்தே? அவ எதிர்ல நிக்கிறாளா, போயிட்டாளா?" என்று கேட்டாள். பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான்.

எத்தனையோ முறை வாசித்த பாட்டு. வரிகளின் பொருளை யோசித்துப் பார்த்ததில்லை. இருவரும் சோபாவில் உட்கார்ந்து சொல் சொல்லாகப் பிரித்தோம். அந்தப் பெண் போய்விட்டாள் என்பது சரணத்தில்தான் தெரிந்தது.

"அப்ப இன்னும் மெதுவா பாடணும்" என்றாள்.

"உங்க ஊர்ப் பாட்டு ஒண்ணு பாடேன்" என்றேன்.

"குண்டிமன் பாடவா?"

பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்த என் கணவருக்குப் புரையேறியது. தமிழில் அது காதில் எப்படி விழுகிறது என்று சொன்னதும் அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு விளக்கினாள். 'அப்படி இல்லாவிட்டாலும்' என்று பொருள்படும் சொற்கள் சேர்ந்து வந்த பெயர் என்பார்களாம். ஒருத்திக்காக ஏங்கும் காதல் பாட்டு. அந்நியர் ஆண்ட காலத்தில் நாட்டைப் பற்றி வாய்விட்டுப் பாட முடியாதபோது, அந்த ஒருத்தியையே நாடாக வைத்துப் பாடியிருக்கிறார்கள்.

பாடினாள். பாதிவரை ஒரே ஏக்கம். திடீரென்று ஜன்னலைத் திறந்துவிட்டதுபோல் இருந்தது. வயலினை எடுத்துத் தேடிப் பார்த்தேன். ஷட்ஜம் அசையவில்லை, காந்தாரம் மாறியிருந்தது. நடபைரவி மாதிரி ஆரம்பித்தது சங்கராபரணத்துக்கு வந்திருந்தது.

"இங்க ஏன் மாறுது?"

"முதல் பாதியில கெஞ்சறோம். மறு பாதியில, அவ வந்துட்டான்னே நினைச்சுப் பாடணும். எங்க பாட்டு டீச்சர் அப்படித்தான் சொல்லிக்குடுத்தாங்க."

"இன்னொரு வாட்டி பாடச் சொல்லேன்" என்றார் கணவர், தமிழில், என்னிடம்.

ரிசப்ஷனுக்கு என்னையும் வயலினோடு இழுத்துக்கொண்டு போனாள். தமிழ்ப் பாட்டை மெதுவாகப் பாடி முடித்து, கைதட்டல் அடங்குவதற்குள் குண்டிமனைத் தொடங்கினாள். நான் வயலினில் அடக்கமாகப் பின்தொடர்ந்தேன். காந்தாரம் மாறும் இடத்தில் முன்வரிசையில் இரண்டு பேர் போனிலிருந்து தலை நிமிர்ந்தார்கள். முடிந்ததும் கல்யாணப் பெண்ணின் அப்பா மேடைக்கே வந்துவிட்டார்.

"இது எந்த பாஷைம்மா, கொங்கணியா?"

சொன்னேன். "அவ்ளோ தூரத்துலேர்ந்தா?" என்றவர், அவளைப் பார்த்துக் கைகூப்பினார். அவளும் கூப்பினாள்.

இப்போது ஞாயிறு காலையில் அவளும் அவள் கணவரும் மேலே வருகிறார்கள். அவர்கள் ஊரில் அந்தக் காலத்துப் பையன்கள் பெண் வீட்டு ஜன்னலுக்குக் கீழே நின்று பாடிய பாட்டுகளை அவர் கிட்டாரில் சொல்லிக்கொடுக்கிறார். ஜன்னலைத் திறக்கச் சொல்லிக் கேட்பதற்கே தனிப் பாட்டு இருக்கிறதாம்.

"திறக்கலைன்னா?" என்று கேட்டேன்.

விடைபெறுவதற்கும் ஒன்று இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சுருதி சேர்த்தார்.