சிவப்பு மையில் ஒரு திருத்தம்

பதிவேட்டில் தவறு நேர்ந்தால் அதை மறைக்கக் கூடாது. அடித்த எழுத்தும் படிக்கும்படி இருக்க வேண்டும் என்பது ஜேசுராஜின் கட்சி. வேறு எந்தக் கட்சியிலும் அவர் இருந்ததில்லை.

மதுரையில் ஒரு மிஷன் பள்ளியின் அலுவலகத்தில் 1991ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் தேதி, திங்கட்கிழமை, இளநிலை உதவியாளராகச் சேர்ந்தார். அரசு உதவி பெறும் அந்தப் பள்ளிக்கு அலுவலகத்தில் அந்த ஒரு பணியிடம்தான். ஆகவே தலை முழுவதும் நரைத்த பிறகும் அவர் இளநிலையாகவே இருந்தார். சேர்க்கைப் பதிவேட்டில் அவர் கையால் எழுதிய பிள்ளைகள் பதின்மூன்றாயிரத்துச் சொச்சம் என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். அவரைக் கேட்டால் 13,462 என்பார். நீல மையில் எழுதுவார். தவறு வந்தால் சிவப்பு மையில் ஒற்றைக் கோடு, மேலே சரியான சொல், ஓரத்தில் சுருக்கொப்பம், தேதி. வெள்ளை பூசி மறைப்பது அவருக்கு ஆகாது.

2025 மே 31ஆம் தேதி அவர் ஓய்வு பெற வேண்டும். மே 6ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, இரவு எட்டு மணி விவாதத்தில் அவருடைய பதிவேடு தொலைக்காட்சியில் வந்தது.

ஆனையூர் வீட்டில் அப்போது அவரும் மனைவி அற்புதமேரியும், விடுமுறைக்கு வந்திருந்த மகள் ஆன்சியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். திரையில் நான்கு கட்டங்கள். மேல் இடது கட்டத்தில் சிவராம். பெயருக்குக் கீழே ‘பண்பாட்டுச் சிந்தனையாளர்’ என்று போட்டிருந்தார்கள். சென்ற ஆண்டு அதே இடத்தில் ‘பொருளாதார நோக்கர்’ என்று இருந்தது.

“நான் யாரையும் புண்படுத்த வரலை” என்று தொடங்கினார் சிவராம். அவர் அப்படித் தொடங்கினால் யாரோ புண்படப்போகிறார்கள் என்று பொருள். “மதுரையில ஒரு மிஷன் ஸ்கூல். ஒரு ஏழைத் தகப்பன் பெத்த பொண்ணு. இந்துங்கிறதை அடிச்சிட்டு கிறிஸ்தவர்னு எழுதியிருக்கான் அங்கே இருக்கிற ஒரு குமாஸ்தா. ஆதாரம் இதோ. நானெல்லாம் கோயில் மண்டபத்துல உக்காந்து படிச்சவன். மிஷன் ஸ்கூல் வாசலை மிதிச்சதில்லை. அதனாலதான் இந்த வலி எனக்குத் தெரியுது.”

படம் வந்தது. இரண்டு சொற்கள், ஒரு சிவப்புக் கோடு. அதன்மேல் தொலைக்காட்சிக்காரர்கள் தடித்த மஞ்சள் வட்டம் போட்டிருந்ததில், எது அடிக்கப்பட்டது, எது எழுதப்பட்டது என்று தெரியவில்லை. ஓரத்துச் சுருக்கொப்பம் மட்டும் தெளிவாக இருந்தது.

“ஏங்க, அது உங்க எழுத்துல்ல?” என்றாள் அற்புதமேரி.

“ஆமா.”

மற்ற மூன்று கட்டங்களில் இருந்தவர்களும் பேசினார்கள். எதிர்த்துப் பேச வந்தவர் சிறுபான்மையினர் உரிமையைப் பற்றிப் பதினோரு நிமிடம் பேசினார். அந்த வரியில் உண்மையில் என்ன எழுதியிருக்கிறது என்று அவரும் கேட்கவில்லை.

நடந்தது இதுதான். திருவாதவூர்க்காரர் அழகுபாண்டி, ஆனையூரில் வாடகைக்கு இருந்து லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். மகள் ஆர்த்திகாவை ஆறாம் வகுப்பில் சேர்க்க விண்ணப்பம் நிரப்பப் போனார். பிரவுசிங் சென்டரில் இருந்தவன், “அண்ணே, மிஷன் ஸ்கூலுக்குக் கிறிஸ்டியன்னு போட்டாத்தான் சீட்டு” என்று சொல்லி அப்படியே நிரப்பிக் கொடுத்தான். அழகுபாண்டி கையெழுத்துப் போட்டார். பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் வராமல் ஜேசுராஜ் யாரையும் பதிவேட்டில் ஏற்றுவதில்லை. ஏப்ரல் 21ஆம் தேதி மட்டும், கொட்டாம்பட்டிக்கு லோடு ஏற்றிக்கொண்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அந்த மனிதர் கும்பிட்டு நின்றதில், விண்ணப்பத்தைப் பார்த்து எழுதிவிட்டார். 24ஆம் தேதி சான்றிதழ்கள் வந்தன. அவற்றில் ‘இந்து’ என்று இருந்தது. கிறிஸ்தவர் என்பதைச் சிவப்பு மையில் அடித்து, மேலே இந்து என்று எழுதி, சுருக்கொப்பமிட்டார். தலைமையாசிரியரும் ஒப்பமிட்டார். மகள் பெயரின் முன்னெழுத்துச் சரியா என்று வீட்டில் காட்ட ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று அழகுபாண்டி கேட்டார். எடுத்துக்கொள்ளச் சொன்னார். அதை அவர் ‘என் தங்கத்துக்கு சீட்டு கிடைச்சிருச்சு’ என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தார். அங்கிருந்து அது எங்கெங்கோ சுற்றி, பன்னிரண்டாம் நாள் மஞ்சள் வட்டத்தோடு வந்து நின்றது.

மறுநாள் காலை நடைப்பயிற்சியில், பன்னிரண்டு ஆண்டுகளாகக் கூட நடக்கும் பட்டாபிராமன் தோளைத் தட்டினார். “என்ன ஜேசு, என்னையும் ராவோட ராவா மாத்தி எழுதிறாதீரும்!” சிரிப்பாகத்தான் சொன்னார். அவருடைய மகள் வர்ஷினி அதே பள்ளியில் ஏழு ஆண்டுகள் படித்தவள், இன்றைக்கும் இந்துதான். ஜேசுராஜின் நடை அன்று இரண்டு சுற்றுக் குறைந்தது.

மே 12ஆம் தேதி கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. புகார் குறித்து விசாரணை நடைபெறும். அது முடியும்வரை ஓய்வு ஆணை நிறுத்திவைக்கப்படலாம். அந்த வேலையில் இருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய அச்சம் கிடையாது. முப்பது ஆண்டு ஒழுங்காக இருந்தவரைக் கடைசி நாள் மாலையில் பணியிடை நீக்கம் செய்து, ஓய்வு பெற்றவருமில்லை, வேலையில் இருப்பவருமில்லை என்று ஆண்டுக்கணக்கில் அலையவிட்ட கதைகள் அவருக்குத் தேதியோடு தெரியும். பெயர் கெட்டு வெளியே போவதா, வெளியே போகவே முடியாமல் நிற்பதா என்பதுதான் இப்போது மிச்சம்.

அன்று மாலை மகளிடம் அவர் ஒன்றைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. சோர்வில் சொல்லிவிட்டார்.

“அந்த சிவராம் நம்ம ஸ்கூல்ல படிச்சவரும்மா. 1969ல ஆறாம் வகுப்பு. சேர்க்கை எண் 6218. ஆறு வருசம் படிச்சாரு.”

ஆன்சி தட்டை வைத்துவிட்டாள். “எப்படித் தெரியும்?”

“மார்ச்ல அவங்க மருமக பிருந்தா வந்துச்சு. பேரன் கிரிதருக்கு ஆறாம் வகுப்பு சீட்டு. பழைய மாணவர் வீட்டுப் பிள்ளைக்கு முன்னுரிமை இருக்குல்ல, அதுக்கு அவரே லெட்டர் எழுதிக் குடுத்திருந்தாரு. ‘இப்பள்ளி எனக்கு அளித்த ஒழுக்கமே என் வாழ்வின் அடித்தளம்’னு ஆரம்பிச்சிருந்தாரு. நல்ல கையெழுத்து.”

“அப்பா! வாசலை மிதிச்சதில்லைன்னாரே அந்தாளு! அந்த லெட்டரை ஒரே ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க. என் ஃப்ரெண்டு பத்திரிகையில இருக்கா. நாளைக்கே மூஞ்சிய எங்க கொண்டுபோய் வைப்பாருன்னு பாப்போம்.”

“அது பையனோட ஃபைல்ல இருக்கு.”

“இருக்கட்டுமே!”

“பதினோரு வயசும்மா அந்தப் பையனுக்கு. ஜூன் மாசம் வகுப்புல வந்து உக்காரணும். இவனாலதான் எல்லாம்னு பிள்ளைங்க பேசும். தாத்தா பேசுன பேச்சுக்கு இவன் என்ன பண்ணுவான்? அப்புறம், ஒரு வீட்டு ஃபைலை இன்னொருத்தர்ட்ட காட்டுனா, அவர் சொன்ன மாதிரி குமாஸ்தாவாத்தான் நான் ஆயிருவேன்.”

“உங்க அப்பாவைக் கட்டி எம்புட்டு வருசமாச்சுன்னு நினைக்கிற? முப்பத்திரண்டு வருசம்” என்றாள் அற்புதமேரி மகளிடம். “ஒரு கல்யாண வீட்ல யாரு பிள்ளை எத்தனை மார்க்குன்னு கேட்டாக்கூட இவர் சொன்னதில்ல. சோறு ஆறுது, சாப்பிடு.”

அவரைக் காப்பாற்ற நேரான வழி அழகுபாண்டி. விண்ணப்பத்தில் கிறிஸ்தவர் என்று போட்டது நான்தான் என்று அவர் எழுதிக் கொடுத்தால் போதும். மே 18ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அவரே வீட்டுக்கு வந்தார். செருப்பை வாசலுக்கு வெளியே, வெகு தூரத்தில் கழற்றினார்.

“சார், என்னால வந்த வினை சார்.”

“உக்காருங்க. காப்பி குடிங்க.”

“வேணாம் சார். ரெண்டு பேரு வீட்டுக்கு வந்தாங்க. சால்வை போட்டாங்க. ‘நீங்க வாயைத் தொறக்காதீங்கண்ணே, நாங்க பாத்துக்கிறோம்’னாங்க. நான்தான் போட்டேன்னு சொன்னா ஊர்ல காறித் துப்புவாய்ங்க சார். திருவிழாவுல எங்க பங்காளிக முகத்துல முழிக்க முடியாது. ஒரு சீட்டுக்காக சாமியவே மாத்திட்டான்னு… சொல்லலைன்னா உங்களுக்கு ஒண்ணும் ஆயிராதே சார்?”

ஆகும் என்று சொல்ல ஜேசுராஜுக்கு வாய் வரவில்லை. “உங்க பொண்ணு சீட்டுக்கு ஒண்ணும் ஆகாது. அது எழுதினது எழுதினதுதான். போங்க, லோடு நேரம்” என்றார்.

அழகுபாண்டி எழுந்து, “வாரேன் சார்” என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டே தெருமுனைவரை நடந்தார்.

மே 28ஆம் தேதி, புதன்கிழமை, பதினொன்றரை மணிக்கு விசாரணை அலுவலர் வந்தார். ஜேசுராஜ் பதிவேடு, விண்ணப்பம், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் நான்கையும் மேசையில் வரிசையாக வைத்தார். அலுவலர் எல்லாவற்றையும் ஏழு நிமிடத்தில் பார்த்து முடித்தார். பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சுத்தமா இருக்கு சார். இந்த மாதிரி ரெஜிஸ்டர் நான் பார்த்ததில்லை.”

“நன்றி சார்.”

“ஆனா டிவில வந்திருச்சே. ஒண்ணுமே இல்லைன்னு நான் எழுதினா, மேல என்னைக் கேப்பாங்க. நீங்க ஒண்ணு செய்யுங்க. ‘கவனக்குறைவால் நேர்ந்தது, வருந்துகிறேன்’னு ரெண்டு வரி. இன்னைக்கே மூடிர்றேன். முப்பத்தொண்ணாம் தேதி மாலையோட வீட்டுக்குப் போங்க.”

வெள்ளைத்தாளையும் எடுத்து முன்னால் நகர்த்தினார். கொடுமைக்காரர் அல்ல. அவரும் களைத்திருந்தார், அன்று அவருக்கு இது மூன்றாவது பள்ளி.

ஜேசுராஜ் பேனாவை எடுத்தார். சான்றிதழ் வரும் முன்னே எழுதியது அவருடைய வழக்கத்துக்கு மாறுதான். அதை அவரே தனக்குள் பல இரவுகள் எடைபோட்டுப் பார்த்துவிட்டார். அவசரப்பட்டது உண்மை. ஆனால் அந்த இரண்டு வரி அதற்காகக் கேட்கப்படவில்லை. மதத்தை மாற்றி எழுதிய புகாருக்குக் கீழே போய் ஒட்டிக்கொள்வதற்காகக் கேட்கப்பட்டது. இன்னும் இருபது ஆண்டு கழித்துக் கோப்பைத் திறப்பவர், புகாரையும் வருத்தத்தையும் சேர்த்துத்தான் படிப்பார்.

அந்த வேளையில் கிரிதரின் கோப்பு இருந்த அலமாரி அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அலுவலர் கேட்டால் எடுத்துக் கொடுக்கலாம். அவருக்கு அந்த அதிகாரம் உண்டு. அவர் கேட்கவில்லை. ஜேசுராஜ் திரும்பவில்லை.

“தகப்பனார் அவசரத்தை முன்னிட்டு, சான்றிதழ் வருமுன் விண்ணப்பத்தின்படி பதிந்தேன்னு எழுதுறேன் சார். அது நடந்தது. மத்தது நடக்கலை.”

“அது போதாதே சார்.”

“நடந்தது அம்புட்டுத்தான்.”

“அப்ப முப்பத்தொண்ணாம் தேதி உங்களை விட முடியாது.”

“விட வேண்டாம் சார். வீட்டுக்குப் போய் மட்டும் என்ன செய்யப்போறேன்.”

அலுவலர் சிரித்துவிட்டார். பிறகு கோப்பைக் கட்டிக்கொண்டு எழுந்து, வாசல்வரை போய்த் திரும்பி, குரலைத் தாழ்த்தி, தன் மச்சினிச்சி மகளுக்கு ஏழாம் வகுப்பில் இடம் இருக்குமா என்று கேட்டார். இல்லை என்றார் ஜேசுராஜ். உண்மையாகவே இடம் இல்லை.

மே 31, சனிக்கிழமை. விடைபெறும் கூட்டம் என்று ஒன்றும் வைக்க வேண்டாம் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். ஆணை வராமல் மாலை போட்டுக்கொண்டு நிற்பதைப்போல அசிங்கம் வேறில்லை. பிற்பகல் 4.40க்கு ஆணை வந்தது. குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை. ஓய்வு பெற அனுமதிக்கப்படுகிறார். இணைப்பாக ஒரு தாளின் நகல் இருந்தது. 29ஆம் தேதியிட்டது. கோடு போடாத தாளில் வரி மேலே ஏறி ஏறிப் போயிருந்தது.

‘ஐயா, விண்ணப்பத்தில் கிறிஸ்தவர் என்று போடச் சொன்னது நான்தான். சீட்டு கிடைக்கும் என்று நினைத்துப் போட்டேன். சார் சர்டிபிகேட் பார்த்துத் திருத்தினார். நான் லோடு போக வேண்டும் என்றதால் எனக்காக அவசரமாக எழுதினார். அவர் மேல் தவறு இல்லை. இப்படிக்கு மொ. அழகுபாண்டி.’

யாருக்கும் சொல்லாமல் அவரே கல்வி அலுவலகத்துக்குப் போய்க் கொடுத்திருக்கிறார். ஜேசுராஜ் அதை இரண்டு முறை படித்தார். சாவிக்கொத்தைத் தலைமையாசிரியரிடம் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, டி.வி.எஸ். வண்டியில் வீடு வந்து சேர்ந்தார். பணிக்காலம் முப்பத்துமூன்று ஆண்டு, பத்து மாதம், இருபத்துநான்கு நாள்.

வழியில் ஆனையூரில் அழகுபாண்டி வீட்டுப் பக்கம் போனார். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண், “காலையில ரெண்டு பேரு வந்து தெருவுல நின்னு சத்தம் போட்டாய்ங்க. குடுத்த சால்வையக் கேட்டு வாங்கிட்டுப் போயிட்டாய்ங்க. அவரு லோடு போயிருக்காரு” என்றாள்.

எட்டு மணிக்கு ஆன்சிதான் தொலைக்காட்சியைப் போட்டாள். நான்கு கட்டங்கள். சிவராம் அன்று பட்டு அங்கவஸ்திரத்தோடு வந்திருந்தார்.

“நான் யாரையும் புண்படுத்த விரும்பலை. ஆனா ஒண்ணு சொல்றேன். இருபத்தஞ்சு நாள். இருபத்தஞ்சே நாள்ல அந்தக் குழந்தையோட பதிவை மறுபடியும் இந்துன்னு திருத்த வச்சிருக்கோம். இது என் வெற்றி இல்லை, பண்பாட்டோட வெற்றி. ஆதாரம் இதோ.”

இந்த முறை மஞ்சள் வட்டம் இல்லை. அழகுபாண்டி எடுத்த அதே படம், முழுப் பக்கமாக, திரை நிறைய வந்தது. சிவப்புக் கோடு தெளிவாகத் தெரிந்தது. மேலே இந்து. ஓரத்தில் சுருக்கொப்பம். அதன் கீழே தேதி: 24.4.25.

“அப்பா! அவர் பேசுறதுக்கு முன்னாடியே திருத்தியாச்சுப்பா! தேதி போட்டிருக்கு, அவரே காட்றாரு!” ஆன்சி எழுந்து நின்றுவிட்டாள். “ஒருத்தருமா பாக்கமாட்டாங்க?”

கட்டங்களில் இருந்த மற்ற மூவரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். எதிர்த்துப் பேச வந்தவர்கூட, திருத்தியதை வரவேற்பதாகச் சொன்னார்.

ஜேசுராஜ் தேதியைப் பார்க்கவில்லை. அது அவருக்குத் தெரிந்த தேதி. அவர் பார்த்தது அதற்கு இரண்டு வரி மேலே. நீல மையில், அவர் கையெழுத்தில், கிரிதர். தாயின் பெயர் பிருந்தா. வீட்டு முகவரி. முன்னுரிமைக் காரணம்: பழைய மாணவரின் பேரன், சே. எண் 6218.

“மேல ரெண்டாவது வரி…” என்றார்.

“என்னப்பா?”

ஆன்சி குனிந்து பார்ப்பதற்குள் படம் போய் விளம்பரம் வந்துவிட்டது.

“ஒண்ணுமில்லம்மா” என்றார் ஜேசுராஜ். “பையன் முகவரி கிடக்கு அதுல. அதையாவது மறைச்சுப் போட்டிருக்கலாம்.”

அற்புதமேரி இட்லியும் தக்காளிச் சட்னியும் கொண்டுவந்து வைத்தாள். அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.