ஓமும் ஓஸும்

அவொண்டேல் பக்கமாக கிரேட் நோர்த் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். கராத்தே உடுப்பைச் சுருட்டி அதே பழைய மஞ்சள் பெல்ட்டால் கட்டித் தோளில் போட்டிருந்தேன். பின்னால், நியூ லின் மண்டபத்தில், பச்சைப் பெல்ட் வாங்கியவர்களை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் ரயில் இல்லை. இருந்திருந்தாலும் நடந்துதான் வந்திருப்பேன். ஓர் இடத்தை விட்டுப் போவதென்றால் எனக்கு நடை பழக்கம்.

பக்கத்தில் ஒரு டாக்சி ஊர்ந்து வந்தது.

"யோவ் யாழ்ப்பாணம்! ஏறுய்யா."

"நான் நடந்து வாறன், அண்ணை."

"நடந்து நடந்துதானே நியூசிலாந்து வரைக்கும் வந்திருக்க. இதுக்கு மேல நடந்தா கடல்தான். உக்காரு."

ஏறினேன். அவர் தமிழ்நாட்டுக்காரர், எஞ்சினியர். இங்கே வந்து எத்தனையோ விண்ணப்பம் போட்டும் ஒரு நேர்முகத்துக்குக்கூட யாரும் கூப்பிடவில்லை. டாக்சி ஓட்டினார். நாங்கள் இருந்த வீட்டில் அவருக்கு முன் அறை, எனக்குப் பின் அறை. என்னைக் கராத்தேக்குக் கூட்டிப்போனதும் அவர்தான். தொப்பையைக் குறைக்கும்படி டாக்டர் சொன்னாராம். "தனியா போனா, அடி வாங்குறப்ப தூக்கிட்டு வர ஆள் வேணாமா? வா" என்றார்.

முதல் நாளே பிழையாகிப்போனது. அங்கே எதற்கும் பதில் ஒரே சொல்: ஓஸ். வணக்கத்துக்கும் அதுதான், விளங்கிவிட்டது என்பதற்கும் அதுதான். சென்செய், அதாவது ஆசிரியர், பகலில் குழாய் திருத்துகிற ஒரு வெள்ளைக்காரர். "விளங்குதா?" என்று அவர் கேட்க, எல்லோரும் "ஓஸ்" என்றார்கள். என் வாயிலிருந்து "ஓம்" என்று வந்தது. எங்கள் ஊரில் சம்மதம் என்றால் அந்தச் சொல்தான். நான் மந்திரம் சொல்கிறேன் என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள். வயோதிபர் இல்லத்தில் வேலை செய்யும் ஒரு சமோவாக்காரப் பெண், என் வலப்பக்கம் நின்றவள், கண்ணை மூடிக் கைகூப்பி நின்றாள். எனக்காக அண்ணை ஓர் இடைவேளையில் விளக்கம் சொன்னார். அதற்குப் பிறகு நான் மண்டபத்துக்குள் நுழைந்தால் அந்தப் பெண் "ஓம்" என்பாள். கொஞ்ச நாளில் மற்றவர்களும் அப்படியே சொன்னார்கள். சென்செயும் ஒருநாள் சொன்னார்.

"ஓசியில கத்துக்கிறவன் ஓஸ் சொல்லணும்யா, நீ என்ன ஓம்ங்கிற?" என்று அண்ணை மட்டும் கேலி செய்வார்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். திருகோணமலை, கொழும்பு, பம்பாய், பாங்கொக் என்று இருந்திருக்கிறேன். சில இடங்களில் துரத்தினார்கள், சில இடங்களில் எனக்கே அலுத்தது. எங்கேயும் ஒரு வருடம் தாண்டியதில்லை. அந்த மண்டபத்தில் ஒன்றேமுக்கால் வருடம் நின்றேன். காரணம் உதையும் குத்தும் அல்ல, நான் அதில் அவ்வளவு திறமில்லை. ஒரு வியாழக்கிழமை போகாவிட்டால் அடுத்த செவ்வாய் அந்தப் பெண் "எங்கே போனாய்?" என்று கேட்பாள். முதல்முறை கேட்டபோது, குடிவரவு அலுவலகத்துக்குச் சொல்வதுபோல, போன இடம், நேரம் எல்லாம் ஒப்புவித்தேன். அவள் விழித்தாள். அவளுக்கு அதெல்லாம் தேவையில்லை, நான் இல்லாததைக் கண்டாள், அவ்வளவுதான்.

வகுப்பு முடிந்ததும் பெல்ட் நிறம் பார்க்காமல் எல்லோரும் முழங்காலிட்டு ஈரத்துணியால் தரையைத் துடைப்போம். சென்செயும் துடைப்பார். துணி பிழிகிற அந்த நேரத்தில்தான் கதை வரும். மகள் போன் எடுப்பதில்லை என்பாள் அந்தச் சமோவாக்காரி. மனைவி போய்விட்டதைப் பற்றி ஒரே ஒரு தரம் சென்செய் சொன்னார். நானும் ஊரில் என் கூடப்பிறந்த அண்ணாவைப் பற்றிச் சொன்னேன், அவரைக் கொண்டுபோனவர்கள் திருப்பித் தரவில்லை என்ற அளவில். யாரும் ஆறுதல் சொல்லவில்லை. "ஓம்" என்றார்கள். நாற்பது வயதில் எனக்கு அது போதுமாக இருந்தது.

வகுப்பு செவ்வாயும் வியாழனும், மாலை ஆறரைக்கு. அதற்காகவே பகல் வேலையாகத் தேடிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை பென்ரோஸில் ஒரு மட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் ஃபோர்மன் சொன்னான்: பகல் ஷிப்ட்டில் ஓர் இடம் இருக்கிறது, ஞாயிறு சரக்குக் கணக்கெடுப்புக்கு வந்து தொடங்கு, வராவிட்டால் வேறு ஆள். ஞாயிறு எனக்குப் பரீட்சை என்றேன். என்ன பரீட்சை என்றான். கராத்தே என்றதும் விசிலடித்துச் சிரித்தான். "திங்கள் வந்து பார்" என்றான்.

பச்சைப் பெல்ட் பரீட்சை நடத்த வேறு ஊரிலிருந்து ஒரு கிழவர் வந்திருந்தார். நாங்கள் வரிசையாக நின்றோம். என் முறை வந்ததும் "தயாரா?" என்று கேட்டார்.

"ஓம்."

திரும்பவும் கேட்டார். நாக்கைத் திருத்தத்தான் பார்த்தேன். திரும்பவும் அதுதான் வந்தது. நான் கேலி செய்கிறேனா என்று கேட்டார். அண்ணை வரிசையில் நின்றபடி, "சார், அவர் மொழியில் அது சம்மதம்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். "இங்கே அதற்கு ஒரு சொல்தான் உண்டு" என்றார் கிழவர்.

நான் சென்செயைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார், நாங்கள் துடைத்த தரையை. அந்தப் பெண்ணும் அப்படியே நின்றாள்.

எதிராளி இல்லாமல் தனியே போடும் அடிவரிசை ஒன்று போட்டுக்காட்ட வேண்டும். ஆயிரம் தரம் போட்டதுதான். மூன்றாவது திருப்பத்தில் வலத்துக்குப் பதிலாக இடத்துக்குத் திரும்பிவிட்டேன். நின்று பார்த்தால் என் முஷ்டி எங்கள் வரிசையை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தது. கிழவர் தாளில் ஏதோ எழுதினார்.

டாக்சியில் அண்ணையின் புதுப் பச்சைப் பெல்ட் மடிப்புக் குலையாமல் முன்னால் கிடந்தது. அதை எடுத்து இருக்கைக்கு அடியில் தள்ளினார்.

"ஒரே ஒரு தடவை ஓஸ்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"வாயில வரேல்லை, அண்ணை."

"ஆறு மாசத்துல மறுபடி வருவாரு அந்தக் கெழவன். அப்ப சொல்லு."

"பகல் வேலை இருந்தாத்தானே வகுப்புக்கு வரலாம். இண்டைக்குத்தான் அங்க வரச் சொன்னவன். வேற ஆருக்கும் குடுத்திருப்பான்."

அவருக்கு அது தெரியாது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார்.

"அத விட்டுட்டா இங்க வந்த?"

"ஓம்."

"நீ என்ன லூசாய்யா?"

"ஓம்."

சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "நான் அந்தாளுக்கு இன்னும் ரெண்டு வார்த்தை சொல்லியிருக்கணும். பெல்ட்டு போயிடுமோன்னு வாய மூடிக்கிட்டேன்" என்றார். எனக்குக் கோபமில்லை. நானும் எத்தனையோ வரிசைகளில் வாயை மூடிக்கொண்டு நின்றவன்தான். ரேடியோ கரகரத்தது. எப்சமில் ஒரு குடும்பம் விமான நிலையம் போக நிற்கிறதாம். அவர் போக வேண்டும். நான் இறங்கி மீதித் தூரத்தை நடந்தேன்.

திங்கள் காலை மழை. நியூமார்க்கெட்டில் ரயில் மாறிப் பென்ரோஸ் போய்ச் சேர நனைந்துவிட்டேன். ஃபோர்மன் என்னைக் கண்டதும் காற்றில் ஓர் உதை விட்டுக் காட்டினான்.

"பாஸா?"

"இல்லை."

"பகல் இடம் போய்விட்டது. மதியம் இரண்டிலிருந்து இரவு பத்தரை, திங்கள் முதல் வெள்ளி வரை. முடியுமா?"

செவ்வாய், வியாழன் ஆறரை வகுப்பு அதற்குள் போய்விட்டது. ஓம் தொண்டை வரை வந்தது. "யெஸ்" என்றேன். ஒரு சோடிக் கையுறை தந்தான். மெஷின் தள்ளுகிற மட்டைகளை எடுத்து, இருபது இருபதாக அடுக்கிக் கட்டுகிற வேலை.