நானாவின் சட்டைப்பை

எஞ்சினை இறக்கி, துறைமுகப் பக்கத்துக் கடைச்சல் பட்டறையில் சிலிண்டரைக் கடைந்து, புதுப் பிஸ்டன் போட்டுக் கட்டி முடிக்க ஏழு மாதம் பிடித்தது. கட்டியவர் மெக்கானிக் நானா. கிண்ணியாவிலிருந்து பாலம் கடந்து மோட்டார் சைக்கிளில் வருவார். என் பழைய மொறிஸ் மைனரில் முப்பது வருடமாக அவருடைய கையைத் தவிர வேறு மெக்கானிக்கின் கை பட்டதில்லை. முதல் ஓட்டம் வெருகல் முருகனிடம் என்று மனைவியிடம் சொல்லி வைத்திருந்தேன்.

"பஸ்ஸில போனா முருகன் வேண்டாமெண்டு சொல்லுவாரோ?" என்றாள். நான் அதைப் பகிடி என்றே எடுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து, தேங்காய் உடைத்து, சாவியைத் திருப்பினேன். எஞ்சின் சுற்றியது, பற்றவில்லை. பெற்றோல் குழாயைக் கழற்றிப் பார்த்தோம், வந்தது. பிளக்குகளைத் துடைத்துப் போட்டோம். கொயில் வயரை இரும்பருகே பிடித்தால் நீலமாகப் பொறி பாய்ந்தது. அந்தப் பொறியை நாலு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் டெல்கோவின் மூடியில் கை வைக்கப் போனேன்.

"அத நான் பாத்திட்டன் தம்பி, அது சரி" என்றார் நானா.

அவர் சொன்னால் எனக்கும் சரிதான். வியாழன் முழுக்கக் காபரேட்டரோடு மல்லுக்கட்டினேன். அவர் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தபடி "பாப்பம், பாப்பம்" என்றார்.

வெள்ளிக்கிழமை அவர் ஜும்ஆவுக்குப் போன நேரம், சும்மா இருக்க முடியாமல் அந்த மூடியைக் கழற்றி விரலை விட்டேன். உள்ளே சுழல வேண்டிய ரோட்டர் இல்லை.

யார் எடுத்தது என்று யோசிக்கத் தேவை இருக்கவில்லை. சண்டை நடந்த பிரச்சினைக் காலத்தில், துவக்கோடு வருகிற எவரும் காரைக் கொண்டுபோகாமல் இருக்க, அந்த விரலளவு துண்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வோம். நானாவும் நானும் சேர்ந்து ஊரில் எத்தனை பேரை அப்படி ஏய்த்திருப்போம். இப்போது அவர் அதை எனக்கே செய்திருந்தார்.

திரும்பி வந்தவரிடம் கையை நீட்டினேன். பள்ளிக்குப் போட்டுப் போன வெள்ளைச் சட்டைப்பையிலிருந்தே எடுத்துத் தந்தார்.

"உங்கட வீட்டுத் தங்கச்சிதான் கேட்டவ. டொக்டர் இனி நீங்க வாகனம் ஓடக் கூடாதெண்டு சொன்னவராமே, கண் நரம்பு பழுதாப் போகுதெண்டு. எனக்கிட்ட நீங்க சொல்லல்லையே."

"அப்ப ஏன் நானா எஞ்சினைக் கட்டினனீங்கள்? ஏழு மாசம்."

"வேலையில நிக்கக்குள்ள நீங்க சந்தோசமா இருந்தீங்க தம்பி."

அந்த வார்த்தைதான் என்னை அறுத்தது. அழுகிற பிள்ளைக்குக் கிலுகிலுப்பை கொடுப்பது போல இரண்டு பேரும் சேர்ந்து எனக்கு ஓர் எஞ்சினைக் கொடுத்திருக்கிறார்கள். நான் நம்பிய ஆட்கள் உலகத்தில் இந்த இரண்டே பேர்தான். ரோட்டரைப் போட்டு, மூடியை அழுத்தி, ஏறிச் சாவியைத் திருப்பினேன். முதல் சுற்றிலேயே பிடித்தது. நானாவின் வேலையில் ஒரு குறை சொல்ல ஏலாது. கியரைப் போட்டுக் கேற்றை நோக்கி உருட்டினேன்.

கேற்றடியில் யாரோ நிற்பது தெரிந்தது. விலகட்டும் என்று ஹோர்ன் அடித்தேன். ஆள் அசையவில்லை. கோபத்தில் இன்னொரு தரம் நீட்டி அடித்தேன்.

"நான்தானப்பா" என்றாள் என் மனைவி.