ஒசாகாவில் சேர்வராயன்

எங்கள் ஊர் டீக்கடையில் பாய்லருக்கு மேலே ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறது. அதில் ஜப்பான் எழுத்தில் கடைக்காரரின் பெயர். முதலில் தலைகீழாகத்தான் ஒட்டியிருந்தார். யாருக்குத் தெரியும்? வருகிறவன் போகிறவன் எல்லாம் அண்ணாந்து பார்த்து "பலே" என்று சொல்லிவிட்டுத்தான் டீ குடித்தான். கடைசியில் எழுதிக் கொடுத்தவளே ஒருநாள் டீ குடிக்க வந்தாள். பார்த்துவிட்டு ஒரே சிரிப்பு...

அவள் என் அண்ணன் மகள் மலர்விழி. ஒசாகாவில் வேலை. போன மாதம் லீவில் ஏற்காட்டுக்கு வந்தவளைத் தெருவே பிடித்துக்கொண்டது. மளிகைக்கடைக்காரர், லாட்ஜ் மேனேஜர், மாரமங்கலத்திலிருந்து மிளகு விற்க வந்தவர் — எல்லாருக்கும் அவரவர் பெயர் ஜப்பான் எழுத்தில் வேண்டும். நானும்தான். ஏன் பொய் சொல்ல வேண்டும்? என் பெயரை வாங்கிப் பர்ஸில் வைத்திருக்கிறேன்.

வெளிநாட்டுப் பெயர்களையும் வெளியிலிருந்து வந்த சொற்களையும் எழுத அவர்களிடம் தனியாக ஒரு வகை எழுத்தே இருக்கிறதாம். கோடு கோடாக, வளைவு நெளிவு அதிகம் இல்லாமல். பார்த்த மாத்திரத்தில் 'இது வெளியாள்' என்று தெரிந்துவிடும். சீசன் சமயத்தில் நம்பர் பிளேட்டைப் பார்த்தே பெங்களூரா பாண்டிச்சேரியா என்று நாங்கள் சொல்லிவிடுவதில்லையா, அந்த மாதிரி!

ஊரே வந்து பெயர் எழுதி வாங்கியது. வாங்காத ஒரே ஆள் என் அண்ணி. அதாவது, மலர்விழியின் அம்மா.

அண்ணிக்கும் பெயர்களுக்கும் உள்ள விவகாரம் கொஞ்சம் பெரியது. புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டார். இதிலென்ன அதிசயம், அந்தக் காலத்துப் பெண்கள் பலரும் அப்படித்தானே என்பீர்கள். சரி. ஆனால் அண்ணன் பெயர் சேர்வராயன். நாங்கள் குடியிருக்கும் மலைக்கும் அதுதான் பெயர். உச்சியில் குகைக்குள் இருக்கும் சாமிக்கும் அதுதான் பெயர். மலையிலேயே குடியிருந்துகொண்டு மலையின் பெயரைச் சொல்லாமல் ஒரு மனுஷி எப்படிக் காலம் தள்ளுவார்?

தள்ளினார். கோயிலுக்குக் கிளம்பினால் "மேல போய்ட்டு வரேன்" என்பார். டூரிஸ்ட்டுகள் காரை நிறுத்தி வழி கேட்டால் கையை மட்டும் நீட்டுவார். 'பாவம், வாய் பேச முடியாது போல' என்று அவர்களும் சைகையிலேயே நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஊருக்கும் அண்ணன் பெயர் சரியாகத் தெரியாது. மஞ்சக்குட்டைக்கு ஷேர் ஜீப் ஓட்டியவர் அவர். சிலருக்கு 'ஜீப்பண்ணன்', பெரியவர்களுக்கு 'ஜீப்புக்காரர்'. ஜீப்பின் நெற்றியில் மட்டும் 'மலர்விழி' என்று மஞ்சள் பெயின்ட்டில் கொட்டை எழுத்து. மகள் பிறந்த வாரமே எழுதிவிட்டார். "மலர்விழி போயிருச்சா?" "இல்லீங்க, இப்பத்தான் கொண்டை ஊசி வளைவுல சத்தம் கேட்டுது..." — மஞ்சக்குட்டை ஸ்டாப்பில் தினமும் காலையில் இதுதான் பேச்சு. காப்பிப் பூ வாசத்தோடு, பலாப்பழம், மிளகு மூட்டை, ஒரு ஆட்டுக்குட்டி, அதற்குமேல் பதினைந்து பேர் என்று ஏற்றிக்கொண்டு அந்த ஜீப் முனகிக்கொண்டே ஏறும்.

அண்ணனுக்கு முடியாமல் போனபோது சேலத்தில் ஆஸ்பத்திரி. கவுண்டரில் பேஷன்ட் பெயர் கேட்கிறார்கள். அண்ணி நிற்கிறார். மறுபடி கேட்கிறார்கள். நிற்கிறார். பின்னால் க்யூ முணுமுணுக்கிறது. வண்டியை நிறுத்திவிட்டு நான் ஓடிவந்துதான் சொன்னேன். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. உயிர் ஊசலாடும்போதும் இது தேவையா?

உள்ளே போய்க் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார் அண்ணி. "ஏனுங்க" என்றார், மெதுவாக. டாக்டர் தட்டித் தட்டிக் கூப்பிட்டும் திறக்காத கண்ணை அண்ணன் திறந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் பெயர் அதுதான்.

அண்ணன் போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது. ஜீப்பை விற்றாகிவிட்டது. வாங்கியவர் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டார்.

இப்போது ஜப்பானுக்கு வருவோம். அங்கே குடும்பப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியலை விரித்து எழுதினால் அப்பா பெயர் வந்து நிற்கும். ஆக, மலர்விழி ஆபீசுக்குள் நுழைந்தால் "சேர்வராயன்-சான்". சான் என்பது நம் 'ங்க' மாதிரி ஒரு மரியாதை. அங்கே பல இடங்களில் கையெழுத்துக்குப் பதில் ஒரு குட்டி முத்திரை வேறு. ஹான்கோ என்கிறார்கள். பேங்க் முதல் பார்சல் வரைக்கும் அதைத்தான் குத்த வேண்டுமாம்.

அந்த முத்திரைக்குத்தான் அவள் ஆர்டர் கொடுக்கவேண்டியிருந்தது. முத்திரைக் கடைக்காரர், 'பெயர் நீளம், இத்தனூண்டு வட்டத்துக்குள் எழுத்து நெருக்கும், உங்கள் பெயரையே போட்டுக்கொள்ளுங்களேன்' என்றாராம். அவளுக்கும் அதில் சம்மதம். காரணம் வட்டம் இல்லை.

"என்னால முடியல சித்தப்பா," என்றாள். "நாளெல்லாம் அப்பா பேரச் சொல்லி என்னயக் கூப்பிடறாங்க. ஒவ்வொரு வாட்டியும் அவரு இல்லைங்கறது புதுசா ஞாபகம் வருது. முத்திரையில மலர்னு போட்டுக்கறேன். ஆபீஸ்லயும் மலர்னே கூப்பிடச் சொல்லப் போறேன்."

'செய்ம்மா, மனசுக்கு எது நிம்மதியோ அதைச் செய்' என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அடுப்படியில் காப்பிக்கொட்டை வறுத்துக்கொண்டிருந்த அண்ணி, கேஸை அணைத்துவிட்டு வந்தார்.

"அங்க அவங்க பேரச் சொல்லியா கூப்பிடறாங்க? தெனமுமா?"

"ஆமாம்மா."

"மரியாதையாத்தான கண்ணு?"

"நொம்ப மரியாதையாம்மா."

அண்ணி முந்தானையில் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இங்க யாரு சாமி கூப்பிடறாங்க? ரேசன் கார்டுலயும் எடுத்துட்டாங்க. எனக்கோ வாய் வராது. அங்கயாவது கூப்பிடட்டும். மாத்தாத கண்ணு."

மலர்விழி அம்மாவின் தோளில் முகத்தை வைத்து அழுதாள். நானும் அழுதேன். அறுபது வயதில் என்ன வெட்கம்? அண்ணி மட்டும் அழவில்லை. அந்தப் பெயரை ஜப்பான் எழுத்தில் பெரிசாக எழுதிக் காட்டச் சொன்னார். மகள் எழுதினாள். அதைப் பார்த்து அண்ணி, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில், கோலத்துக்கு இழுப்பது போல் ஒவ்வொரு கோடாகப் பார்த்துப் பார்த்து இழுத்தார்.

பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தார். "தம்பி, எழுதுனா சொன்னதா ஆயிருமா?"

"ஜப்பான் எழுத்துல எழுதுனா ஆகாதுங்க அண்ணி" என்று தீர்ப்பு வழங்கினேன். இந்த மாதிரி வழக்கில் என்னைவிட நல்ல நீதிபதி கிடைப்பாரா, சொல்லுங்கள்? மிச்சத்தையும் எழுதி முடித்தார். தாளை மடித்து எங்கே வைத்தார் என்று நான் கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஒசாகாவிலிருந்து வீடியோ கால். முத்திரை வந்துவிட்டது. ஒரு தாளில் குத்தி, போனுக்கு முன்னால் பிடித்தாள் மலர்விழி. சிவப்பு மையில் சின்ன வட்டம். உள்ளே எழுத்துகள் மஞ்சக்குட்டை ஜீப்பில் ஆள் ஏற்றிய மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. ஆபீசில் இன்னும் அதே சேர்வராயன்-சான்தானாம். 'இப்பல்லாம் கூப்பிட்டா சட்டுனு திரும்பிடறேன் சித்தப்பா' என்றாள்.

அண்ணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் அந்தச் சிவப்பு வட்டத்தையே நெடுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்காங்க" என்றார்.