மடித்துக் கட்டிய வேட்டி

ஆரியசாலையில் நான் வேலை பார்த்த பருப்பு மொத்தக் கடைக்கு அவர்தான் காவல். நரைத்த மீசை, இடது புருவத்தைப் பிளந்த தழும்பு. வேட்டியை எப்போதும் முழங்காலுக்கு மேலே மடித்துத்தான் கட்டுவார். பெரியவர்களைக் கண்டால் அதை இறக்கி விடுவது இந்த ஊர் மரியாதை. முதலாளி வந்தபோதுகூட அவர் இறக்கி நான் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிறு மதியம், திரைப்படச் சங்கத்தின் இலவசக் காட்சிக்கு அவரைக் கூட்டிப்போனேன். பழைய கறுப்பு வெள்ளை ஆங்கிலப் படம். ஓர் அரசியல் தலைவர், அவருடைய விசுவாசி, நடுவில் ஒரு கொலை. போலீஸ் விசுவாசியைப் பிடித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த காவல்காரருக்கு ஆங்கிலம் தெரியாது.

“சாரே, இவன் கொல்லல்ல,” என்றார்.

“எப்படிச் சொல்றீங்க?”

“கொன்னவன்னா வாசலைப் பாப்பான். இவன் தலைவருக்க முகத்தையில்லா பாக்கான்.” பிறகு திரையைப் பார்த்தபடியே சொன்னார்: “எனக்க கேசுல வெட்டினது எங்க தலைவருக்க மகன். கட்சி எனக்க பேரைக் குடுத்தது. நான் ஸ்டேஷன்ல போயி நின்னேன்.”

“தலைவர் ஜெயில்ல உங்களை வந்து பார்த்தாரா?”

“எதுக்கு? நான் வாய் திறக்க மாட்டேன்னு அவருக்குத் தெரியுமில்லா.”

திரும்பும் வழியில், பழவங்காடி முக்கில் ஒரு தேர்தல் ஜீப் எதிரே வந்தது. அதில் ஒரு கிழவரும், மாலை போட்ட அவருடைய மகனும் நின்றிருந்தார்கள். மகன்தான் வேட்பாளர். தெருவில் எல்லோரையும் கும்பிட்டதுபோலவே எங்களையும் கும்பிட்டுவிட்டு இருவரும் மறுபக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

பக்கத்தில் பார்த்தேன். அவர் வேட்டியை இறக்கி விட்டிருந்தார்.

ஜீப் போன பிறகும் அவர் அதை மடித்துக் கட்டவில்லை. கடை வரைக்கும் அது சாலைச் சேற்றில் இழுபட்டுக்கொண்டே வந்தது.